ஒரு கரண விசாரம்

ஆரம்ப நிலைக் காமிரா ஒன்றை வாங்கி, அதைக்கொண்டு ஓரிரு ஆண்டுகள் படம் எடுத்துப் பழகிய ஒருவன், அதை விட்டு மேலான ஒன்றுக்குப் போகத்தான் வேண்டுமா என்னும் கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்குக் கடைத்தெரு விவகாரமாகவும், மாதத் தவணைக் கணக்காகவும், மிஞ்சிப்போனால் ரசனை பற்றிய சிறு சச்சரவாகவும் தோன்றலாம். ஆனால் அதைச் சற்று உரித்துப் பார்த்தால், காட்சியில் குறை நேரும்போது அக்குறை காண்பவனிடத்தில் உள்ளதா, காணும் கருவியில் உள்ளதா, காணப்படும் பொருளிலா, அல்லது இம்மூன்றையும் கூட்டிவைக்கும் ஒளியிலா என்று நம் நாட்டுத் தத்துவ ஞானிகள் நூற்றாண்டுக் கணக்காக வாதித்த விஷயமே அதனுள் கிடப்பது தெரியும். அவர்கள் கண்ணைப் பற்றிப் பேசினார்கள். நாம் காமிராவைப் பற்றிப் பேசுகிறோம். கண்ணை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு வழியில்லாமையால் அவர்களுடைய விசாரணை தெளிவாக நடந்தது. நமக்கோ தவணை முறையில் கண் கிடைக்கிறது. ஆகவே விசாரணை கலங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் அங்கே இரண்டு கூட்டங்களைக் காணலாம். ஒன்று வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் இறாலுக்கும் ஏலம் கேட்க வந்த கூட்டம். மற்றொன்று, ஏலம் கேட்பவர்களையும் விடுபவர்களையும் படம் பிடிப்பதற்காகக் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு நகரத்தின் தெற்குப் பகுதிகளிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்த கூட்டம். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர், “ஓரம் போ சார், ஓரம் போ” என்று இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் விரட்டுகிறார். கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்மணிகள், “போன வாரமும் புடிச்சினு போனியே தம்பி, படம் எங்க?” என்று கேட்பதும் இவர்களைத்தான். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலோரிடம் விடை இருப்பதில்லை. தங்களுக்குள் அவர்கள் விவாதித்துக்கொள்வது பாடியையும் லென்ஸையும் பற்றியே. அப்படி விவாதித்துக்கொண்டிருந்தவர்களுள், மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “என்கிட்ட இருக்கறது பிகினர் காமிராதான் சார். ஃபுல் ஃப்ரேமுக்குப் போனாதான் அடுத்த கட்டம்னு எல்லாரும் சொல்றாங்க. போகணுமா?” என்று கேட்டார். அவசரமாகப் பதில் சொல்லத்தக்க கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

லௌகிகக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அவர் கையில் இருந்தது 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த கேனான் 1500டி. ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளால் ஒரு படத்தை அமைப்பது. அதாவது அகலத்தில் 6,000, உயரத்தில் 4,000. இதை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் நல்ல அச்சுத் தரத்தில் அச்சிட்டால் 20 அங்குல அகலத்துக்கு வரும். ஆனால் அவருடைய படங்களைப் பார்ப்பவர்களோ கைபேசித் திரையில் பார்க்கிறார்கள். பரவலாக வழங்கும் அத்தகைய திரை ஒன்றில் உள்ளவை சுமார் 20 லட்சம் புள்ளிகள்தாம். பன்னிரண்டில் ஒரு பங்கே கண்ணை எட்டுகிறது. மீதி பதினொரு பங்கு, கேட்பாரற்று, நினைவக அட்டையில் உறங்குகிறது. 2003-இல் அதே கம்பெனி 300டி என்னும் காமிராவை ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கொண்டுவந்தபோது, அது 63 லட்சம் புள்ளி உடையது; சாமானியர் கைக்கும் இப்படி ஒரு யந்திரம் எட்டியதே என்று அன்று உலகம் வியந்தது. அன்றைய வியப்பைவிட நான்கு மடங்கு பெரிய கருவியைக் கையில் ஏந்திக்கொண்டு இன்று ஒருவர் குறைபட்டுக்கொள்கிறார் என்றால், அந்தக் குறை புள்ளிக் கணக்கில் இல்லை என்பது வெளிப்படை. ஆனால் இதனாலேயே அவருடைய கேள்வி அர்த்தமற்றது என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. குறை வேறெங்கோ இருக்கிறது; அதைத் தேட வேண்டும்.

ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய 1856-ஆம் ஆண்டிலேயே, லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1857 டிசம்பர் முதல் மறு ஆண்டு ஏப்ரல் வரை, தம்முடைய பெரிய காமிராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அவர் செய்த யாத்திரையை நினைக்கும்போது, இன்று தோளில் ஒரு பையைச் சுமப்பதற்கே நாம் சலித்துக்கொள்வது வெட்கமாக இருக்கிறது. மெழுகு பூசிய காகிதமே அவருக்கு நெகடிவ். நம் ஊர் வானத்தின் நீலத்தை வெறும் வெளுப்பாகவே அது வாங்கிக்கொண்டமையால், சில நெகடிவ்களில் மேகங்களை அவர் தம் கையாலேயே தீட்டினார். இத்தகைய கருவியோடு தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளின் முன் போய் நின்றபோது, எந்த ஒரு படத்துக்குள்ளும் அந்த நீளம் அடங்காது என்பது அவருக்கு விளங்கியிருக்கும். இன்னும் பெரிய காமிராவுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு அவர் காத்திருக்கவில்லை. சுவரை ஒட்டிச் சிறிது சிறிதாக நகர்ந்து, 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார்.

கல்வெட்டு நீளமாக இருந்தது. ஆகவே படம் நீளமாக வேண்டியிருந்தது. அந்தத் தேவையைப் பிறப்பித்தது கல்வெட்டே அன்றி டிரைப்பின் மனம் அன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். காணப்படும் பொருளிலிருந்து எழும் தேவை ஒன்று. காண்பவனுடைய நெஞ்சிலிருந்து எழும் வேட்கை மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கடையில் போய் நின்று, ஒரே பெட்டியைச் சுட்டிக்காட்டி, ஒரே விலையைக் கேட்பதால்தான் நமக்கு மயக்கம் வருகிறது. டிரைப்பின் இலாகாவை ஆடம்பரச் செலவு என்று கருதி மூடச் செய்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன் என்னும் கவர்னர். அவரும், பாவம், இவ்விரண்டையும் பிரித்தறியாதவரே. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே செலவுப் பத்தியில் விழும் தொகைகள்.

எந்தக் காரியத்தின் நிறைவுக்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்று கீதையின் 18-ஆம் அத்தியாயம் சொல்கிறது: அதிஷ்டானம், கர்த்தா, கரணம், பலவகைப்பட்ட சேஷ்டைகள், ஐந்தாவதாகத் தெய்வம். அதிஷ்டானம் என்பதற்கு உடல் என்றே உரைகாரர் பொருள் கூறுவார்கள். ஆயினும் அதைக் காலூன்றி நிற்கும் இடம் என்று கொண்டு பார்க்கும் சுதந்திரத்தைப் படம் எடுப்பவனுக்குக் கொடுக்கலாமென்று நினைக்கிறேன். ஏனெனில் காசிமேட்டில் எடுக்கப்படும் படங்களிற் பெரும்பாலானவை கெட்டுப்போவது நின்ற இடத்தால்தான். ஏலக் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எடுத்த படம் முதுகுகளின் படமாகத்தான் இருக்கும். அதை எத்தனை விலையுள்ள காமிராவால் எடுத்தாலும் மிகத் தெளிவான முதுகுகள் கிடைக்கும், அவ்வளவே. சேஷ்டை என்பது விடியுமுன் எழுவது, திரும்பத் திரும்பப் போவது, பேச்சுக் கொடுப்பது, கேட்டவர்களுக்குப் படத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது. தெய்வம் என்பதற்கு விளக்கம் வேண்டாம். படகு கரை சேரும் கணத்தில் மேகம் விலகுவதும் விலகாததும் நம் கையில் இல்லை. இந்த ஐந்திலும் கடையில் கிடைப்பது கரணமாகிய கருவி ஒன்றே. விற்கப்படுவது அது ஒன்றாகையால், குறையெல்லாம் அதில்தான் என்று நம்பும்படி நாம் பழக்கப்பட்டுவிட்டோம்.

இவ்வளவு சொன்னவுடன், “கருவியில் என்ன இருக்கிறது, எல்லாம் எடுப்பவன் கண்ணில்தான் இருக்கிறது” என்று முடித்துவிடத் தோன்றும். இந்த வாக்கியத்தைச் சொல்பவர்களில் பலர் மிக உயர்ந்த காமிரா வைத்திருப்பவர்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். சைவ சித்தாந்தம் இந்த உபதேசத்தை ஒப்புக்கொள்ளாது. ஆன்மாவுக்கு அறியும் தன்மை உண்டாயினும், கரணங்கள் கூடாத கேவல நிலையில் அது எதையும் அறிவதில்லை. தனு, கரணம், புவனம், போகம் ஆகியவை அதற்கு அருளால் தரப்படுகின்றன. எதனோடு சார்கிறதோ அதன் வண்ணமாக ஆவது அதன் இயல்பு என்பது 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரிடமிருந்து தொடங்கும் மரபின் கோட்பாடு. மாயையின் காரியங்களாகிய இந்தக் கருவிகளை, விடியும் வரைக்கும் ஏற்றிவைக்கும் விளக்காக அந்த மரபினர் கருதுவார்கள். விளக்கைச் சூரியன் என்று மயங்குவதும் பிழை. இருட்டிலே இருந்துகொண்டு விளக்கை இகழ்வதும் பிழை. கருவியை இகழ்வது ஞானத்தின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ புகுந்திருக்கிறது. சித்தாந்திகளிடமிருந்து அது வந்திருக்க முடியாது.

விளக்கென்றதும் திருவொற்றியூர் நினைவுக்கு வருகிறது. அந்த ஊரில் செக்கார் குலத்திலே பிறந்த கலிய நாயனார், ஒற்றியூர்க் கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றுவதையே தம் திருத்தொண்டாகக் கொண்டிருந்தார் என்று சேக்கிழார் பாடியிருக்கிறார். செல்வம் போயிற்று, உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றார், அவர்கள் கொடுப்பதை நிறுத்தினார்கள், கூலிக்குச் செக்கோட்டினார், அந்தக் கூலி வேலையும் கிடைக்காமற் போயிற்று. மனைவியையே விற்க முற்பட்டார் என்ற இடம் வரும்போது இக்காலத்து வாசகர் மனம் கூசும். கூசத்தான் வேண்டும், பக்தியின் பெயரால் அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. இறுதியில், வாங்குவார் இல்லாதபோது, அகல்களில் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தை வார்க்கக் கழுத்தை அரியத் தொடங்கினார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான் என்பது புராணம். இந்தக் கதையில் நம் விசாரத்துக்கு வேண்டிய ஓர் அம்சம் இருக்கிறது. கலியர் ஒருபோதும் மேலான விளக்கை நாடவில்லை. வெள்ளி விளக்கு இருந்தால் தொண்டு சிறக்கும் என்று ஏங்கவில்லை. அதே சமயம், எண்ணெய் இல்லாவிட்டால் என்ன, என் உள்ளத்தில் ஒளி இருக்கிறதே என்று வேதாந்தம் பேசி வீட்டுக்குப் போய்விடவும் இல்லை. கோயில் இருண்டிருந்தது, அது எரிய வேண்டியிருந்தது, அதற்கு என்ன குறைந்ததோ அதையே தேடினார்.

அந்த அளவுகோலை வைத்து மணலி இளைஞருடைய கேள்விக்கு வந்தால், பொதுவான பதில் கிடையாது என்பதும், ஆனால் திட்டவட்டமான பதில்கள் பல உண்டு என்பதும் தெரியவரும். அவர் விடியுமுன் ஏலத்தை எடுக்கிறார். மின்விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், காமிராவோடு கூடவே கிடைக்கும் கிட் லென்ஸின் வாய் நீண்ட முனையில் 5.6-க்கு மேல் திறப்பதில்லை, ஆகவே காமிராவின் ஒளியுணர்வாகிய ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுகிறார், படம் பொரிப்பொரியாகிறது. குறை உண்மையானதுதான். ஆனால் இதற்கு மருந்து ஃபுல் ஃப்ரேம் அன்று. 50 மில்லிமீட்டர், 1.8 என்று எல்லாக் கடைகளிலும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய பிரைம் லென்ஸ், அந்தக் கிட் லென்ஸைக் காட்டிலும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும்; லட்சம் ரூபாயைத் தாண்டும் ஃபுல் ஃப்ரேம் பாடியின் ஒளி வாங்கும் பரப்போ அவருடையதைப்போல் இரண்டரை மடங்குதான் பெரியது. குறை இன்னதென்று பொருளைக் கேட்டிருந்தால் அது லென்ஸைச் சொல்லியிருக்கும். அவர் நண்பர்களைக் கேட்டார், அவர்கள் பாடியைச் சொன்னார்கள்.

வேறு சிலருக்குப் பதில் வேறாகும். பழவேற்காட்டு ஏரியில் இறங்கும் பூநாரைகளை எடுக்க விரும்புகிறவனுக்கு 55 மில்லிமீட்டர் லென்ஸ் எட்டாது; பறவையை நெருங்கினால் பறவை பறந்துவிடும்; ஆகவே நீண்ட லென்ஸ் அவனுக்கு ஆடம்பரம் ஆகாது, பறவையிடம் அவன் காட்ட வேண்டிய மரியாதையே அதுதான். கலியாணப் படம் எடுப்பதை ஜீவனமாகக் கொண்டவர் ஒருவருக்கு, ஒரே நேரத்தில் இரண்டு அட்டைகளில் பதியும் காமிரா அவசியம். ஆரம்ப நிலைக் காமிராக்களில் ஓர் அட்டைதான் போடலாம். அது பழுதுபட்டால் போவது இன்னொருவர் வீட்டுத் தாலிகட்டு. அலை தெறிக்கும் விசைப்படகிலே மீனவர்களோடு போகிறவனுக்கு, உப்பு நீர் உள்ளே புகாத கட்டுமானம் வேண்டும். இவையெல்லாம் பொருளும் கடமையும் விடுக்கும் கட்டளைகள். இவற்றுக்குக் கீழ்ப்படிவதில் ஆசையின் தோஷம் சிறிதும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் இந்தக் கட்டளை வருமானால், ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் அதற்கு வசதி இருக்கிறது. சொந்தமாக்கிக்கொள்ளாமல் பயன்படுத்துவது என்பதைத் துறவிகள் பெரிய சாதனையாகச் சொல்வார்கள். வாடகைக் கடைக்காரர் அதை முன்பணம் வாங்கிக்கொண்டு சாத்தியமாக்கிவிடுகிறார்.

எந்தக் கருவியும் எட்டாத இடமும் உண்டு. திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரரின் திருமேனி ஆண்டு முழுவதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் நீக்கப்பட்டு, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படும். அந்த நாட்களில் அங்கே கூடும் ஜனங்கள் வரிசையில் நிற்பது சில விநாடிக் காட்சிக்காக. கருவறையில் காமிராவுக்கு இடமில்லை. ஆண்டில் பெரும்பகுதி காணாமலிருப்பதும் அந்த வழிபாட்டின் ஓர் அங்கமாகவே அமைந்திருக்கிறது. எல்லாவற்றையும் எப்போதும் மேலும் மேலும் துல்லியமாகக் காண வேண்டும் என்பது ஒரு நூற்றாண்டின் பழக்கமே தவிர, மனிதனுடைய நித்திய தர்மம் அன்று.

அந்தச் சந்நிதிக்கு ஏழுகிணற்றிலிருந்து நடந்தே போய்வந்த இராமலிங்க அடிகளைப் பற்றி வழங்கும் இரண்டு செய்திகளையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். இளமையில், வீட்டு மாடி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் முன் விளக்கேற்றி அமர்ந்திருந்தபோது அக்கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டார் என்பது ஒன்று. பிற்காலத்தில், சென்னையிலிருந்து சென்ற மாசிலாமணி முதலியார் என்னும் புகைப்படக்காரர் அவரை எட்டு முறை படம் எடுக்க முயன்றும், ஒவ்வொரு முறையும் வெள்ளை ஆடை மட்டுமே விழுந்தது என்பது மற்றொன்று. அக்காலத்து ரசாயனத் தட்டுகளின் இயல்பை அறிந்தவர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொல்லக்கூடும். சொல்லட்டும், நமக்கு அதில் வழக்கில்லை. ஒரு ரூபாய் பெறாத கண்ணாடி ஒன்றுக்குத் தெய்வம் அகப்பட்டதாகவும், அன்றைய உச்ச விஞ்ஞானத்துக்கு ஒரு மனிதரின் முகம்கூட அகப்படவில்லையென்றும் ஒரே வாழ்க்கையைப் பற்றி ஜனங்கள் இரண்டு கதைகளைப் பேணி வைத்திருக்கிறார்கள் என்பதே என் கவனத்தைக் கவர்கிறது. கருவியை வெறுத்தவராக அடிகளை யாரும் சொல்ல முடியாது. 1872-இல் வடலூரில் திறக்கப்பட்ட சத்திய ஞான சபையில் அவர் வைத்தது ஒரு தீபம், ஒரு கண்ணாடி, ஏழு திரைகள். ஒளியும் ஆடியும் மறைப்பும் சேர்ந்த அந்த அமைப்பை ஒரு காமிராக்காரன் பார்த்தால், நம் தொழிலின் மூல திரவியங்கள் எல்லாம் இங்கே இருக்கின்றனவே என்று திகைப்பான்.

எண்ணூருக்குப் போனால் விஷயம் கடுமையாகிறது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில், அனல் மின் நிலையச் சாம்பல் நீரையும் சேற்றையும் காற்றையும் நரைக்கச் செய்திருக்கும் இடங்களில், காலை வேளையில் காமிராவைத் தூக்கினால் தெரிவது அழகான மூடுபனி. இடுப்பளவு நீரில் நின்று கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்களுடைய உருவம், அந்தச் சாம்பல் வெண்மையின் நடுவே, சீன ஓவியம்போல் விழும். காமிரா எவ்வளவுக்கு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அந்த நரைப்பின் நுண்ணிய படிகள் நயமாகப் பதியும். அந்தச் சாம்பல் அவ்வளவுக்கு ரமணீயமாகும். இங்கே கருவியின் மேன்மை, காட்சியின் உண்மைக்கு எதிராகவே வேலை செய்கிறது என்பது என் அபிப்பிராயம். நோயை அலங்கரிக்கும் சக்தி ஆரம்ப நிலைக் காமிராவுக்குக் குறைவு என்பதை அதன் குறைகளில் ஒன்றாக நான் எழுதமாட்டேன்.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும், உலகம் முதன்முதலில் பார்த்த காட்சிகளிற் பல அங்கேயே வாழ்பவர்களுடைய கைபேசிகளில் பதிந்தவை. வாளிகளால் கரிய குழம்பை அள்ளிய ஆட்களையும், நெஞ்சுவரை எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களையும் படம்பிடிக்க எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை. அந்தக் கணத்தில் அந்தக் கரையில் இருந்த கருவியே உத்தமமான கருவி.

இப்படியெல்லாம் பேசிக்கொண்டு போனால், எளிய கருவியே போதும் என்று ஒரு வைராக்கியம் பிறக்கும். அதையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒற்றியூர்க் கடற்கரையிலே சமாதி கொண்டுள்ள பட்டினத்தார் நம்மை எளிதில் விடமாட்டார். ஓர் ஊசியைக் கண்டு பெருஞ்செல்வத்தைத் துறந்த அவருக்குச் சீடரான பத்திரகிரியார், திருவிடைமருதூரில் கோயிலின் ஒரு வாயிலில் இருந்தாராம். குரு மற்றொரு வாயிலில். பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம் பட்டினத்தார், “அந்த வாயிலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்” என்று சொல்லி அனுப்பினாராம். அரச பதவியை உதறிவிட்டு வந்த பத்திரகிரியாரிடம் இருந்தவை ஒரு திருவோடும், ஒட்டிக்கொண்ட ஒரு நாயும்தான். அவையே அவரைச் சம்சாரி ஆக்கின. இந்தக் கதையை நான், “இருபது வருஷமாக ஒரே பழைய காமிராதான், அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது” என்று சபையில் அறிவித்துக்கொள்ளும் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். புதிய பாடியைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனும், பழைய பாடியைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனும், இருவருமே பாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓட்டை வைத்திருப்பதில் தோஷமில்லை. “என் ஓடு” என்று அதைத் தட்டிக் காட்டுவதில்தான் இருக்கிறது. பிந்தியவரைத் திருத்துவது கடினமும்கூட. முந்தியவனுக்குக் கடன் பாக்கியாவது புத்தி சொல்லும்.

ஆகவே மணலி இளைஞரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: எந்தப் படத்தை எடுக்கப் போய் உங்கள் காமிரா முடியாது என்று சொல்லிற்று? அவர் யோசித்தார். இரவு ஏலத்தில் முகங்கள் பொரிந்துபோவதைச் சொன்னார். லென்ஸ் கணக்கைச் சொன்னேன். வேறு ஏதாவது? யோசித்துவிட்டு, “மத்ததெல்லாம் நான்தான் சார்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் சிறிது ஏமாற்றமும் இருந்தது. ஏனெனில், குறை கருவியில் என்றால் பணத்தால் தீரும், தன்னிடத்தில் என்றால் தீர்வதற்குக் காலம் பிடிக்கும். என்றாலும், சில வருஷங்களில் அவருடைய காமிராவே முடியாது என்று சொல்லும் நாள் வரலாம். அன்றைக்கு அவர் தாராளமாக வாங்கட்டும். யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

வாங்கும்போது எழும் இன்னொரு கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை: பழைய காமிரா என்ன ஆகும்? ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடற்காற்றின் ஈரமும் உப்பும் வீட்டுக்குள்ளேயே வசிக்கின்றன. அலமாரியில் துணிப்பையோடு பூட்டிவைத்த லென்ஸின் கண்ணாடியில், ஓரிரு மழைக்காலத்துக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். வெளிச்சமும் காற்றும் படும்படி எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தால் அவ்வளவு எளிதில் படராது. மதுரையில் மீன் விற்ற ஒரு தாயின் மகனாகப் பிறந்து, மலக்குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களையும் உழைக்கும் மக்களையும் படமாக்கி, 2022-இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்ற எம். பழனி குமார், துப்புரவுப் பணியாளர், மீனவர் ஆகியோருடைய குழந்தைகளின் கையில் காமிராவைக் கொடுத்துக் கற்பித்து வருகிறவர். அந்தக் குழந்தைகள் எடுத்த படங்கள் கண்காட்சிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன; அவர்கள் படம் எடுப்பது பெரும்பாலும் தங்கள் வீட்டையும் தெருவையும் தாய் தந்தையரின் வேலையையும்தான்; ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறவர்களுக்கு அந்த வாசல்கள் திறப்பதில்லை. காசிமேட்டுச் சந்துகளிலும் அப்படிக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மேலே போகிறவர் பழையதைப் பாதி விலைக்கு விற்கக் கடை கடையாக ஏறி இறங்குவதைவிட, அவர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது சார்ஜரையும் நினைவாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைத் தனியாக வாங்கப் போனால் விலை அதிகம்.